வாசல் இல்லாத வேலை

என்னைப் பயமுறுத்த இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் கரும்பு போட்ட எந்தக் குடியானவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வெட்டுக்கத்தியோடு அடுத்தவன் வயலில் இறங்கினேன், பிறகு ஊர் கொள்ளாத ஆட்களைக் கட்டி வேலை வாங்கும் மேஸ்திரி ஆனேன். சொந்த டிராக்டர் வாங்கினேன். உறுவையாற்றில் மாடி வைத்து வீடு கட்டினேன். அதில் ஒரு செங்கல்கூட மாமனார் வீட்டுக் காசு இல்லை. ஆலை அதிகாரியாக இருந்தாலும் சரி, கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசாக இருந்தாலும் சரி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் பேசுவேன்.

அப்படிப்பட்டவன் போன வருஷம் ஒரு காலை வேளையில், தெருவில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிற சத்தம் கேட்டு, என் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சாணிக் குப்பை ஓரத்தில் குந்தி உட்கார்ந்திருந்தேன். வேட்டி நனைந்தது மாட்டு மூத்திரத்தாலா, வேறெதனாலா என்று என் வீட்டுக்காரி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாட்டு மூத்திரம்தான்.

இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். “மாமா, மூத்திரமெல்லாம் போடணுமா?” என்று கேட்டாள். போடு என்றேன். நான் பயந்தேன் என்றால், அது எவ்வளவு பெரிய பயமாக இருந்திருக்கும் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கரும்பு வெட்டு நடக்கிற விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தபிறகு ஆள் தேடினால் ஒரு ஆளும் கிடைக்காது. அதனால் மழை பிடிப்பதற்கு முன்பே மேஸ்திரி விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆட்களைக் கட்டிவிட்டு வருவான். பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. வெற்றிலை பாக்கோடு கையில் வாங்கிவிட்டால் அந்த சீசனுக்கு அந்தக் குடும்பம் அந்த மேஸ்திரிக்குத்தான். வாங்கிவிட்டு வராமல் இருப்பதுதான் எங்கள் தொழிலில் பெரிய குற்றம். அதற்கும் ஒரு விலக்கு உண்டு. வர முடியாதவன் மேஸ்திரி வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பை விட்டு, நேரில் நின்று சொல்ல வேண்டும். வந்து நின்றுவிட்டான் என்றால் அதற்கு மேல் அவனை ஒன்றும் செய்யக்கூடாது. கணக்கை அடுத்த சீசனில் கழித்துக்கொள்ளலாம். ஆள் விட்டுச் சொன்னால் செல்லாது. போனில் சொன்னால் செல்லவே செல்லாது.

ஒருவன் அப்படி வந்து நின்றான். பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, முகம் கறுத்து, என் கேட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே கூப்பிட்டு இலை போட்டுச் சோறு போட்டேன், பஸ்ஸுக்கும் கொடுத்து அனுப்பினேன். என் வீட்டில் இந்தக் கதையைக் கேட்காத சுவர் கிடையாது.

வந்து நிற்காதவர்களுக்கு வேறு வைத்தியம். அவன் ஊர் டீக்கடையில் வண்டியை நிறுத்துவேன். அவன் பெயரைச் சத்தமாகச் சொல்லி வீடு எது என்று கேட்பேன். “பெரிய பொண்ணு அஞ்சாவது படிக்குதாமே” என்பேன். அவ்வளவுதான். ஒருவன் மேலும் கை வைத்ததில்லை. பயம் தானாக எழுந்து அவன் வீட்டுக்கு நடந்து போகும். அது எனக்குக் கை வந்த வித்தை. ஒன்று மட்டும் சொல்வேன்: முன்பணம் வாங்காத ஒருவனை நான் அப்படிக் கேட்டதில்லை. கேட்கிற உரிமை இல்லாமல் அந்தக் குரல் எனக்கு வராது. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான், அது போதுமானதாக இருந்தது.

என் மருமகள் பாகூர்ப் பக்கத்துப் பெண். பி.காம். படித்தவள். தட்டச்சில் ஹையர் பாஸ், விரலைப் பார்க்காமலேயே அடிப்பாள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் திருபுவனையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தாள். காலையில் கம்பெனி பஸ், இரவு கம்பெனி பஸ். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். விட்டது அவளுக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. என் மகனும் அங்கேதான் இன்னொரு தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறான். ஷிப்டில் நுழையும்போதே போனைக் கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். தலை போகிற காரியமானாலும் ஷிப்டு முடிந்துதான் அவனிடம் பேச முடியும்.

ஒரு நாள் மருமகள் போனில் வேலை கிடைத்துவிட்டது என்றாள். வீட்டிலிருந்தபடியே டைப்பிங். அவர்கள் படமாக அனுப்புகிற பக்கங்களைப் பார்த்து அடித்துக் கொடுத்தால் போதுமாம். விண்ணப்பத்தில் பெயர், விலாசம், புருஷனுக்கு எங்கே வேலை, மாமனாருக்கு என்ன தொழில் என்று எல்லாம் கேட்டார்கள், எழுதினாள். ஆதாரைப் படம் பிடித்து அனுப்பினாள். ஒப்பந்தம் என்று ஒன்று போனிலேயே வந்தது. அதில் விரலாலேயே கையெழுத்துப் போட்டாள்.

நான் டீக்கடையில் மார் தட்டினேன். “உங்க வூட்டுப் பொண்ணுங்க பஸ்ஸுல இடிபட்டு வேலைக்குப் போவுதுங்க. எங்க வூட்டுக்கு வேலை தேடி வருது” என்றேன்.

பாவம், அவள் உழைத்தாள். தூளியைக் காலால் ஆட்டிக்கொண்டே அடித்தாள். வந்த பக்கங்கள் மழையில் நனைந்த சுவரொட்டி போல மங்கலாக இருந்தன. பாதி எழுத்து தெரியாது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அடித்தாள். கெடு முடிகிற அன்றைக்கு எல்லாவற்றையும் அனுப்பப் போனால் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. மறுநாள் போன் வந்தது. வேலையில் தப்பு அதிகம், நேரத்துக்கும் முடிக்கவில்லை, கம்பெனிக்கு நஷ்டம், ஒப்பந்தப்படி அபராதம் கட்ட வேண்டும் என்றார்கள். இதையெல்லாம் அவள் எங்களிடம் சொல்லவில்லை. நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம். அதுவும் எப்படி? என் வீட்டுக்காரி உலைக்கு அரிசி எடுக்க டிரம்மில் கையை விட்டாள். அரிசிக்குள் எதுவோ உறுமிக்கொண்டு நகர்ந்தது. பாம்பு என்று கத்திவிட்டு விழுந்தாள். அரிசி அளக்கிற படியால் கிளறிப் பார்த்தேன். மருமகளின் போன், சத்தத்தை நிறுத்திவிட்டு அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தாள். அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

“இன்னாடி இது? போன எதுக்கு அரிசில வெச்ச? மூஞ்சி ஏன் செத்துப் போயி கீது? எம் புள்ள எதுனா சொன்னானா?” என்றாள் என் வீட்டுக்காரி.

“அவருக்குத் தெரியவே கூடாது அத்தை” என்று சொல்லித் தரையில் உட்கார்ந்துவிட்டாள் மருமகள். அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. கடைசியாக வாட்ஸ்அப்பில் வந்த ஒரு நோட்டீசையும் காட்டினாள். மேலே சிங்க முத்திரை. கீழே ஜட்ஜ் பெயர், வட்டமாக ஒரு சீல். புதுச்சேரி நீதிமன்றம் என்று எழுதி ஒரு வழக்கு எண். நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் சிங்கத்தைப் படிக்க எழுத்து வேண்டாம்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்த ஆள் சொல்வது நியாயம் என்று தோன்றியது.

“வேலைய எடுத்துட்டு முடிக்கலன்னா கேக்கத்தாம்மா செய்வான். கட்டின ஆளு வரலன்னா நான் கேக்கல?” என்றேன்.

“யோவ், இது இன்னா கரும்பா? அவளுக்கு எவன் முன்பணம் குடுத்தான்? ஒரு டீத்தண்ணி குடுத்தானா?” என்று என் வீட்டுக்காரி பாய்ந்தாள்.

அவள் கேட்டது நல்ல கேள்வி. நான் காதில் வாங்கவில்லை. மறுபடியும் போன் அடித்தது. மேஸ்திரி பேச வேண்டிய இடம் இது என்று நானே வாங்கிப் பேசினேன்.

“யாருப்பா? நான் அந்தப் பொண்ணோட மாமனார். கரும்பு மேஸ்திரின்னா இந்தப் பக்கத்துல கொழந்தைக்குக்கூடத் தெரியும்.”

“நல்லதாப் போச்சு சார். நான் கம்பெனி வக்கீல் பேசறேன். உங்ககிட்டதான் பேசணும்னு இருந்தேன்.” குரல் பதறவே இல்லை. பணத்துக்குப் பசித்த மாதிரியும் இல்லை, கோபப்பட்ட மாதிரியும் இல்லை. “ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டது யாரு சார்? உங்க மருமகளா, நானா?”

“அவதாம்பா.”

“வேலைய எடுத்தாங்களா, இல்லையா?”

“எடுத்தா. பச்சக் கொழந்தைய வெச்சிக்கினு கஷ்டப்பட்டுச்சிப்பா, கொஞ்சம் பாத்து...”

“முடிச்சாங்களா?”

வாங்கினாயா, வருகிறேன் என்றாயா, வந்தாயா. நான் டீக்கடை டீக்கடையாகக் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். என் குரலையே யாரோ எடுத்துப் போட்டுக்கொண்டு என்னிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

“மாடி வீடுதானே சார்? கோயில் தெருதானே? மகன் திருபுவனைல இருக்கார்ல? அவர் கம்பெனிக்கும் ஒரு நோட்டீஸ் போவும். அதுக்கப்புறம் அவரை அங்க வெச்சிருப்பாங்களா? போலீஸ் வண்டி தெருவுல வந்து நின்னா உங்க மரியாதை இன்னா ஆவும், நீங்களே சொல்லுங்க. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள கட்டிடுங்க. யார்கிட்டயும் பேச வேணாம், பேசினா கேஸ் பெருசாயிடும். போனை ஆஃப் பண்ணவே கூடாது.”

அதெல்லாம் மருமகள் தன் கையால் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்தது என்பது அந்த நேரத்தில் என் மூளைக்கு எட்டவில்லை. எல்லாம் தெரிந்தவன் பேசுகிறான் என்றுதான் நினைத்தேன். இன்னொன்றும் எட்டவில்லை. நான் ஊரே கேட்கிற மாதிரி டீக்கடையில் கேட்டேன். இவன் யாரிடமும் சொல்லாதே என்கிறான். நியாயம் உள்ளவன் எதற்கு ரகசியமாகக் கேட்கிறான்? இப்போது அடுக்கடுக்காகத் தோன்றுகிறது. அப்போது என் முகத்தை மருமகள் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சாப்பிட்டோம் என்று சொல்ல முடியாது. தட்டில் கை வைத்தோம், எடுத்தோம். தெருவில் எந்த வண்டி வந்தாலும் மூன்று பேரும் பேச்சை நிறுத்திக் கேட்டோம். மகன் ஷிப்டு முடிந்து வந்தபோது எல்லாரும் சிரித்து வைத்தோம். எங்கள் சிரிப்பைப் பார்த்து அவன், “இன்னா, எல்லாம் ஒரு மாதிரி கீறீங்க?” என்று கேட்டான். மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றேன். மறுநாள் காலையில் அவன் வேலைக்குப் போனபிறகு காக்கிச் சட்டை போட்ட ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். நான் கொட்டகைக்குப் போன கதை அதுதான். வந்தவர் மின்சார மீட்டர் பார்க்கிறவர். எழுதிக்கொண்டு போய்விட்டார்.

என் வீட்டுக்காரி கொட்டகைக்கே வந்து சொன்னாள். “எழுந்திருய்யா, போயிட்டாரு. போலீஸ் ஸ்டேஷன்ல போயி ஒரு வார்த்த கேட்டா இன்னா?”

“நாமளே போயி தலய குடுக்கணுமா? வாய மூடு.”

மருமகள் கதவோரம் நின்றிருந்தாள். குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, “மாமா, நேர்ல போயி பேசினா இன்னா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“யார்ட்ட?”

“கோர்ட்ல.”

“நேர்ல போனா அப்படியே புடிச்சி உள்ள வெச்சிடுவான். நீ கம்முனு இரு. நான் பாத்துக்கறேன்” என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாழ்நாளெல்லாம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது பொய். எனக்குப் பணம் கட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. வீட்டுக்காரியின் செயினைக் கழற்றச் சொல்லி வாங்கி, மடியில் முடிந்துகொண்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு வில்லியனூருக்குப் போனேன்.

அடகுக் கடையில் என்னைத் தெரியாதவர் இல்லை. கூட்டம் இருந்தது. “வாங்க மேஸ்திரி, நீங்க எங்க இந்தப் பக்கம்?” என்று கடைக்காரர் கேட்டார். ஒருவருக்குத் துணையாக வந்தேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஓரமாக நின்றேன். என் முறை வருவதற்குள் என் போன் அடித்தது. என் வீட்டுக்காரி.

“ஏங்க, மருமவ உங்களோட வந்தாளா?”

“என்னோட எதுக்கு வர்றா?”

“வூட்டுல இல்லீங்க. கொழந்தையத் தூங்க வெச்சிட்டு குளிச்சிட்டு வரேன்னா. நான் கொட்டகைல இருந்தேன். வந்து பாத்தா இல்ல. செருப்பு இல்ல. பீரோ தொறந்து கீது. போன இங்கயே போட்டுட்டுப் போயிட்டா. அது அடிச்சிகினே கீதுங்க. எடுக்கவா?”

“எடுக்காத!” என்று கத்தினேன். கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போனை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வார்த்தைதான் என்னை அடித்தது. போனைக் கையை விட்டு எடுக்காத பிள்ளை அது. இனி போன் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் எங்கே போவார்கள்? மொபெட்டை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. முதலில் எங்கள் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். கிணற்றைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஆடாமல் கிடந்தது. அது ஆறுதலா இல்லையா என்று தெரியவில்லை. அங்கிருந்து ஆற்றங்கரை. சங்கராபரணியில் அந்த மாதத்தில் தண்ணீர் இருந்தது. படுகை ஓரமாக வண்டியைப் போட்டுவிட்டு நடந்தேன். செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தேன். ஒரு செருப்பு கிடந்தது. கிட்டே ஓடிப் போய்ப் பார்த்தேன். ஆம்பிளைச் செருப்பு, பழசு.

கரும்பு நின்றது பக்கத்தில். ஆள் உயரத்துக்கு மேல். உள்ளே போனவர்களை வெளியிலிருந்து பார்க்க முடியாது. கத்தினால் குரல் காய்ந்த சோகை இலைகளில் மோதி அங்கேயே செத்துவிடும். வாழ்நாள் முழுவதும் கரும்புக்குள் நின்றவன், அன்றைக்குத்தான் கரும்பைப் பார்த்துப் பயந்தேன். அவள் பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. அம்மா என்றுதான் கூப்பிடுவேன். “அம்மா, அம்மாடி” என்று கரும்பைப் பார்த்துக் கத்திக்கொண்டு நடந்தேன். தூரத்தில் மாடு மேய்க்கிற பொம்பளை ஒருத்தி எழுந்து நின்று பார்த்தாள்.

“இன்னா மேஸ்திரி, யாரத் தேடறீங்க?”

அந்த நேரத்திலும் எனக்கு மரியாதை போய்விடக்கூடாது. “எங்க வூட்டுப் பொண்ணு போன மறந்துட்டுப் போயிடிச்சி. இந்தப் பக்கம் வந்திச்சா?”

“உங்க மருமவளா? காத்தாலயே பஸ் ஸ்டாப்புல நின்னுதே. பட்டுப் பொடவ கட்டிக்கினு, கல்யாணத்துக்குப் போற மாதிரி.”

பட்டுப் புடவை. அது எனக்கு இன்னும் மோசமாகப் பட்டது. ஏன் என்று கேட்காதீர்கள். பயந்தவனுக்கு எல்லாமே அந்தப் பக்கமாகத்தான் தெரியும்.

அப்போது என் போன் அடித்தது. தெரியாத எண். அந்த வக்கீல் என்றுதான் நினைத்தேன். என் எண்ணும் அவனுக்குக் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது. வேட்டி மடிப்பில் சுருட்டி வைத்தேன், அங்கேயும் அடித்தது. எடுக்காமல் விட்டால் அவன் மருமகளை என்ன செய்வானோ என்ற எண்ணம் வந்ததும் எடுத்தேன். ஆண் குரல். முரட்டுக் குரல்.

“மேஸ்திரிங்களா? கோர்ட்லேர்ந்து பேசறேன். உங்க மருமக இங்கதான் இருக்காங்க.”

கரும்பு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பிடித்துவிட்டார்கள். பட்டுப் புடவையோடு பிடித்துவிட்டார்கள். “ஐயா, பணம் ரெடியா கீதுங்க. செயினு மடியில கீது. தோ வந்துடறேன். புள்ள பெத்த ஒடம்பு இப்பத்தான் தேறுதுங்க. உள்ள மட்டும் வெச்சிடாதீங்க” என்று கும்பிட்டேன். போனைக் கும்பிட்டேன், ஆள் இல்லாத வரப்பில்.

“உள்ளயா? யாருய்யா நீ? வெளிய மரத்தடியில ஒக்காந்து டீ குடிச்சிகினு கீது. வூட்டுல தேடுவாங்கன்னு என் போன வாங்கி அடிச்சுது. நீ எடுக்கல. நான் வாசல்ல டூட்டி பாக்கற போலீஸ்யா. வந்து கூட்டிக்கினு போ.”

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் டவுன் கோர்ட்டுக்கு வெளியே மரத்தடி பெஞ்சில், கல்யாணப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு துண்டுக் காகிதத்தை நாலாக மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி டீ கிளாஸ். வழியெல்லாம் நாலு அறை விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பார்த்ததும், “சாப்ட்டியாமா?” என்றுதான் வாயில் வந்தது.

“இல்ல மாமா.”

“எதுக்குமா இங்க வந்த?”

அவள் காகிதத்தைப் பிரித்தாள். நோட்டீசில் இருந்த வழக்கு எண்ணையும் ஜட்ஜ் பெயரையும் அதில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். “உள்ள ஆபீஸ்ல போயி கேட்டேன் மாமா. என் மேல கேஸ் கீது, ஆஜராக வந்தேன்னு சொன்னேன். தேடிப் பாத்தாங்க. இந்த நம்பர்ல கேஸே இல்லையாம். இந்தப் பேர்ல இங்க ஜட்ஜே இல்லையாம். எந்தக் கம்பெனி, எங்க கீதுன்னு கேட்டாங்க. எனக்கு சொல்லத் தெரியல.”

வாசல் போலீஸ்காரர் அருகில் வந்தார். பெரிய மீசை, நல்ல மனுஷன். “வாட்ஸ்அப்புல என்ன வந்தாலும் கேஸ்னு ஒண்ணு இருந்தா அது இங்க இருக்கணும்ல? எத்தினியோ பேரு வந்து அழுதாங்க மேஸ்திரி. எல்லாம் பணத்தக் கட்டிட்டு, மறுபடி மறுபடி கட்டிட்டு, அப்புறம்தான் வந்தாங்க. கட்டறதுக்கு முன்னாடி, அதுவும் பட்டுப் பொடவ கட்டிக்கினு ஆஜராக வந்தது உங்க மருமகதான். உள்ள எல்லாரும் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும். சைபர் போலீசுல எழுதிக் குடுத்துட்டுப் போங்க. அந்த நோட்டீசு, அவன் நம்பரு எதையும் அழிச்சிடாதீங்க.”

சைபர் போலீசில் போய் எழுதிக் கொடுத்தோம். அங்கே இருந்த அதிகாரி, வேலைக்கு ஆள் எடுக்கிறவன் வேலை செய்கிறவரிடமே பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும் என்றார். ஆதாரைப் பூட்டி வைக்க ஒரு வழி உண்டு என்றார், பேங்கிலும் சொல்லி வைக்கச் சொன்னார். மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். எனக்குக் காது கேட்டதே தவிர மனசு ஆற்றங்கரையிலேயே நின்றுகொண்டிருந்தது, அந்தப் பழைய ஆம்பிளைச் செருப்புக்குப் பக்கத்தில்.

திரும்பும்போது மொபெட்டின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்தாள். கேட்டேன். “நான்தான் புடிச்சி உள்ள வெச்சிடுவான்னு சொன்னனே. அதுக்கப்புறமும் எப்படிமா போவ தைரியம் வந்திச்சி?”

“தைரியமெல்லாம் இல்ல மாமா. எறங்கித் திரும்பிடலாம்னு பஸ்ஸுல ரெண்டு தடவ எழுந்து நின்னேன். நீங்கதான சொல்லுவீங்க, வந்து நின்னவங்கள நான் ஒண்ணும் பண்ணதில்லன்னு. ஜட்ஜும் ஒரு மேஸ்திரி மாதிரிதான இருப்பாரு, போயி நின்னு சொல்லிடலாம்னு போனேன்.”

“பட்டுப் பொடவ எதுக்கு?”

“பெரியவங்க முன்னாடி நிக்கறப்ப நைஞ்சதக் கட்டிக்கினா போவாங்க?”

வண்டியை ஓரம் கட்டிக் கொஞ்சம் நின்றேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

வீட்டில் என் வீட்டுக்காரி குழந்தையை ஒரு கையிலும் அந்தப் போனை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு, இரண்டையும் கீழே வைக்கப் பயந்துகொண்டு நின்றிருந்தாள். மருமகளைப் பார்த்ததும், “எங்கடி போன பாவி மவளே” என்று அழுதாள். அழுகை முடிவதற்குள் போன் அடித்தது. மருமகள் வாங்கினாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

“என்ன மேடம், டைம் முடியப் போவுது. வண்டி கிளம்பிடுச்சி.”

“சார், நான் நேர்ல வரேன். எங்க வந்து நிக்கணும், சொல்லுங்க.”

“நேர்ல எதுக்கு மேடம்? அக்கவுன்ட் நம்பர் அனுப்பிட்டேனே.”

“வேலைய முடிக்கலன்னு உங்க முன்னாடி வந்து நின்னு சொல்றேன் சார். எங்க மாமாவும் வருவாரு. உங்க ஆபீஸ் வாசல் எங்க கீது?”

“அதெல்லாம் கோர்ட்ல பேசிக்கலாம் மேடம்.”

“கோர்ட்லேர்ந்துதான் சார் வரேன்.”

போன் செத்துவிட்டது. அவள் இன்னும் ஒரு தடவை, “எங்க சார் வாசல்?” என்று செத்த போனைக் கேட்டாள்.

மகனிடம் அன்றைக்கே சொன்னோம். கத்தினான், பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நெடுநேரம் நின்றான். செயின் வீட்டுக்காரி கழுத்துக்குத் திரும்பிவிட்டது. ஆனால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அவள் முகமும் ஆதாரும் எங்கள் விலாசமும் எவன் கையிலோ இருக்கின்றன. அவன் எந்த ஊர், எப்படி இருப்பான், ஒன்றும் தெரியாது. நான் கட்டின ஆட்களுக்கு என் வீடு தெரியும், என் மூஞ்சி தெரியும். என்னை எங்கே வந்து திட்டலாம் என்று தெரியும். வாசல் இல்லாதவனை எங்கே போய்ப் பிடிப்பது? அந்த நினைப்பு வரும்போது இப்போதும் எழுந்து போய்க் கேட்டைப் பூட்டியிருக்கிறேனா என்று பார்க்கிறேன்.

மருமகள் வேலை தேடுவதை விடவில்லை. விளம்பரம் பார்த்தால், உங்கள் ஆபீஸ் எங்கே, வந்து பார்க்கலாமா என்றுதான் முதலில் கேட்கிறாள். நிறையப் பேர் அதோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். போன வாரம் ஒருவர், தாராளமாக வாங்கம்மா, எந்த நாள் வரலாம் என்று கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அது நிஜமா இல்லையா என்று இன்னும் தெரியாது.

இந்த இடம் வரைக்கும் சொல்லிக்கொண்டு வரும்போதே அவள் போன் அடிக்கிறது. தெரியாத எண். அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எடு, மேஸ்திரி வீட்டில் யாருக்கும் பயம் கிடையாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு எழுந்தேன். கொட்டகைப் பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருக்கிறது.